வீட்டு வரியில் விளையும் புத்தகங்கள்

வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். அதில் ‘நூலக வரி’ என்று ஒரு சிறு தொகை சேர்ந்திருக்கும். சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு. ஆயிரம் ரூபாய் கட்டுகிறவர் கூடவே நூறு ரூபாயை நூலகத்துக்கும் தருகிறார். தமிழ்நாட்டில் 4,000-க்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் இயங்க இந்தச் சில்லறைதான் அடித்தளம்.

இந்த ஏற்பாட்டுக்காகப் பாடுபட்டவர் ஒரு கணித ஆசிரியர். 1892-ல் சீர்காழியில் பிறந்த சீ. இரா. அரங்கநாதன், 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். பயிற்சிக்கு லண்டன் சென்றபோது, மக்கள் கட்டும் உள்ளூர் வரியில் நடக்கும் பொது நூலகங்களை அங்கே நேரில் கண்டார்.

இங்கேயோ நூலகம் என்பது பெரும்பாலும் நல்ல மனம் படைத்தவர்களின் கொடை. 1931-ல் மன்னார்குடிக்கு அருகே மேலவாசலில் கனகசபைப் பிள்ளையின் முயற்சியால் மாட்டு வண்டி நூலகம் புறப்பட்டது. சுற்றியுள்ள ஊர்களுக்குப் புத்தகங்களைக் கொண்டுபோனது. அரிய பணிதான். ஆனால் தனி மனிதரின் ஆர்வத்தை நம்பி ஒரு மாகாணம் முழுவதும் வாசிக்க முடியாது. ஆண்டுதோறும் தவறாத வருமானம் வேண்டும். அதற்குச் சட்டம் வேண்டும்.

1948-ல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. அப்போது கல்வி அமைச்சர் தி. சு. அவினாசிலிங்கம். சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் இதுதான். 1896-ல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகம் இச்சட்டப்படி 1950-ல் மாநில மைய நூலகமானது.

இந்தச் சட்டம் சொத்து வரியோடு நூலகத்தைப் பிணைத்ததில்தான் கணக்கின் அழகு இருக்கிறது. ஊர் பெருகினால் வீடுகள் பெருகும். வீடுகள் பெருகினால் நூலக நிதியும் தானாகப் பெருகும். வாசகர் கூடும் இடத்தில் புத்தகம் வாங்கப் பணமும் கூடும். ஊராட்சியும் நகராட்சியும் மாநகராட்சியும் வசூலிக்கும் தொகை மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போகிறது. அங்கிருந்து கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதி நேர நூலகம் என்று பிரிகிறது.

பலன் வீட்டுக்காரருக்கு மட்டும் அல்ல. வாடகைக்கு இருப்பவரும் வீடே இல்லாதவரும் உள்ளே போய் உட்கார்ந்து நாளிதழ் படிக்கலாம். போட்டித் தேர்வுக்குத் தயாராகலாம். சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பார்வையற்றோருக்குப் பிரெயில் பிரிவு இருக்கிறது. 2023-ல் மதுரைக்கும் ஒரு நூற்றாண்டு நூலகம் வந்தது.

வசூலான வரி ஆணைக்குழுவின் கைக்கு உரிய காலத்தில் போய்ச் சேரவேண்டும். இல்லையென்றால் புதுப் புத்தகம் வராது. உங்கள் கிளை நூலகத்தில் அலமாரி பழசாகவே இருந்தால் நூலகரிடம் கேளுங்கள், உள்ளாட்சி மன்றத்தில் கேளுங்கள். அது நம் பணம்.