வலி நின்றுவிட்டால் பல் குணமாகிவிட்டதா?

பகலில் பொறுத்துக்கொள்ளும் அளவில் இருக்கும் பல்வலி, இரவு படுக்கையில் சாய்ந்ததும் விண்விண்ணென்று தெறிக்க ஆரம்பிக்கும். எழுந்து உட்கார்ந்தால் சற்றே அடங்கும். கிராம்பை வைத்து அழுத்தி, உப்புப் போட்ட வெந்நீரில் கொப்பளித்து, கன்னத்தைப் பிடித்தபடி விடிய விடிய நடந்தே கழித்தவர்கள் நம் வீடுகளில் நிறைய உண்டு.

இந்த இரவு வலிக்கான காரணம் பல்லின் கட்டுமானத்திலேயே இருக்கிறது. பல்லின் மேலுறை எனாமல். மனித உடலில் இதைவிடக் கடினமான பொருள் கிடையாது. எடையில் ஏறத்தாழ 96 சதவீதம் கனிமம். அதற்கு அடியில் டென்டின். எல்லாவற்றுக்கும் நடுவே, நரம்பும் ரத்தக்குழாய்களும் நிறைந்த மென்மையான பற்கூழ். கையில் அடிபட்டால் சதை வீங்கிக்கொள்ள இடம் இருக்கிறது. பற்கூழுக்கு அந்த வசதி இல்லை. நாலாபுறமும் கெட்டியான சுவர். ரத்தம் வந்துபோக வேர் நுனியில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான துளை. சொத்தை வழியாகக் கிருமிகள் நெருங்கி, கூழில் அழற்சி ஏற்பட்டால் உள்ளே அழுத்தம் ஏறுகிறது, நரம்பு நசுங்குகிறது. படுக்கும்போது தலைப்பக்கம் ரத்த ஓட்டம் கூடுவதால் அழுத்தம் இன்னும் ஏறுகிறது.

இப்படிச் சில நாள் துடித்த பல், ஒரு நாள் காலையில் சட்டென்று அமைதியாகிவிடும். "இப்போ சரியாயிடுச்சு" என்று மருத்துவரிடம் போகும் திட்டத்தை அன்றே கைவிடுகிறவர்கள் ஏராளம். பெரும்பாலும் நடந்திருப்பது வேறு: வலியைச் சொல்ல வேண்டிய நரம்பே செத்துவிட்டது. இனி கிருமிகளைத் தடுக்க அந்தப் பல்லுக்குள் ரத்த ஓட்டம் இல்லை. அவை சத்தமில்லாமல் வேர் வழியாக இறங்கி, நுனியில் இருக்கும் தாடை எலும்பை அரிக்கத் தொடங்கும். மாதங்கள், சில சமயம் வருடங்கள் கழித்து, ஈறில் ஒரு சீழ்க் கொப்புளமாகவோ முகம் வீங்கியோ அது வெளியே தெரியும்.

சொத்தை எப்படி உண்டாகிறது என்பதை 1890-லேயே தெளிவாக எழுதிவைத்தவர் பெர்லினில் பணியாற்றிய அமெரிக்கப் பல் மருத்துவர் வில்லோபி மில்லர். வாயிலுள்ள நுண்ணுயிர்கள் மாவையும் சர்க்கரையையும் தின்று அமிலம் உண்டாக்குகின்றன. அந்த அமிலம் பல்லைக் கரைக்கிறது. பின்னாளில் கணக்கும் துல்லியமானது. வாயின் அமிலநிலை 5.5 பி.எச். அளவுக்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். இனிப்பு உள்ளே போன சில நிமிடங்களில் இது நடக்கிறது. உமிழ்நீர் அதைச் சமன்செய்ய அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். ஒரே வேளையில் இரண்டு லட்டு சாப்பிடுவதைவிட, நாள் முழுக்க ஒரு மிட்டாயாக வாயில் போட்டுக்கொண்டே இருப்பதும், மணிக்கொரு முறை சர்க்கரைத் தேநீர் குடிப்பதும் பல்லுக்குக் கெடுதல் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். எனாமலில் வெறும் வெள்ளைத் திட்டாக இருக்கும் ஆரம்பக் கட்டத்தில் ஃபுளோரைடு பற்பசையும் உமிழ்நீரும் இழந்த கனிமத்தை மீட்டுவிடும். குழி விழுந்துவிட்டால் தானாக மூடாது, ஏனென்றால் எனாமலில் உயிரணுக்களே இல்லை.

பல் மருத்துவர் முதலில் கேட்கும் கேள்வி எளிமையாக இருக்கும்: "ஜில்லுத் தண்ணி குடிச்சா கூச்சம் எவ்வளவு நேரம் இருக்கு?" நாற்காலியில் உட்காரும் பதற்றத்தில் பலர் இதற்கு ஏதோ ஒரு பதில் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் சிகிச்சையின் திசையையே தீர்மானிக்கக்கூடிய கேள்வி அது. தண்ணீர் பட்டவுடன் கூசி, சில நொடிகளில் போய்விட்டால் கூழ் இன்னும் பிழைத்துக்கொள்ளும் நிலையில் இருக்கிறது. சொத்தையைச் சுரண்டி அடைத்தால் போதும். கூச்சம் நிமிடக்கணக்கில் நீடித்தால், சூடு பட்டால் வலி ஏறினால், ஒன்றும் படாமலே தானாக வலித்தால், கூழ் மீளமுடியாத நிலைக்குப் போய்விட்டது என்று பொருள். குளிரும் சூடும் எதுவுமே தெரியவில்லை, ஆனால் கடித்தால் அல்லது தட்டினால் வலிக்கிறது என்றால் கூழ் இறந்து தொற்று வேர் நுனியைத் தாண்டியிருக்கலாம். எக்ஸ்ரேயில் அந்த இடம் கறுப்பு நிழலாகத் தெரியும். ஆகவே போவதற்கு முன் இரண்டு நாள் கவனித்து, எது பட்டால் வலி, எவ்வளவு நேரம், எந்தப் பக்கம் என்று ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டு போவது நோயாளி தனக்கே செய்துகொள்ளும் பெரிய உதவி.

மருந்துக் கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போட்டுச் சமாளிக்கும் பழக்கத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். மாத்திரை ரத்தத்தின் வழியாகத்தான் நோயிடத்துக்குப் போகும். செத்த பல்லுக்குள் ரத்தமே போகாதபோது மருந்து மட்டும் எப்படிப் போகும்? அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் சாதாரணப் பல்வலிக்கும் பல்லோடு நின்றுவிட்ட வீக்கத்துக்கும் பெரும்பாலும் ஆன்டிபயாட்டிக் தேவையில்லை, பல்லுக்குச் சிகிச்சை செய்வதே வழி என்கிறது. காய்ச்சலும் பரவும் வீக்கமும் இருந்தால் கதை வேறு. அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். கிராம்பில் உள்ள யூஜினால் நரம்பைச் சற்று மரத்துப்போகச் செய்வது உண்மை. ஆனால் கிராம்பு எண்ணெயைப் பஞ்சில் நனைத்து ஈறில் அழுத்தினால் ஈறு வெந்துவிடலாம், சொத்தை அப்படியேதான் இருக்கும்.

கூழ் மீளாது என்று தெரிந்தபின் பெரும்பாலும் இருப்பது இரண்டு வழி: பல்லைப் பிடுங்குவது, அல்லது ரூட் கெனால் எனப்படும் வேர் சிகிச்சை. பெயரைக் கேட்டாலே நடுங்கும் அளவுக்கு இந்தச் சிகிச்சைக்குக் கெட்ட பெயர் சேர்ந்திருக்கிறது. உண்மையில் அங்கே நடப்பது மருத்துவக் கைவினையின் நுட்பமான வேலைகளில் ஒன்று.

முதலில் மரத்துப்போக வைக்கும் ஊசி. அதில் இருக்கும் லிக்னோகைன், 1943-ல் ஸ்வீடனின் நில்ஸ் லோஃப்கிரென் உருவாக்கியது. அடுத்து, அந்தப் பல் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி வாயின் குறுக்கே ஒரு ரப்பர் விரிப்பை மாட்டுவார்கள். 1864-ல் நியூயார்க் பல் மருத்துவர் சான்ஃபோர்ட் பார்னம் கண்டுபிடித்தது இது. உமிழ்நீரிலுள்ள கிருமி பல்லுக்குள் போகாது; சிறு கருவிகள் தவறித் தொண்டைக்குள்ளும் போகாது. பிறகு ஏர்ரோட்டார். எல்லோரையும் மிரள வைக்கும் அந்த 'ங்ங்ங்' சத்தம் இதனுடையதுதான். காற்றழுத்தத்தில் நிமிடத்துக்கு மூன்று லட்சம் சுற்று வரை சுழன்று பல்லைத் துளைக்கும் இந்தக் கருவியை 1957-ல் ஜான் போர்டன் சந்தைக்குக் கொண்டுவந்தார்.

பல்லைத் துளையிடும் கலை மட்டும் மிகப் பழையது. பாகிஸ்தானின் பலுசிஸ்தானில் இருக்கும் மெஹர்கர் என்ற தொல்லியல் இடத்தில், ஒன்பது பேருடைய 11 கடைவாய்ப்பற்களில் துளையிட்ட தடயம் கிடைத்தது. காலம் 7,500 முதல் 9,000 ஆண்டுகளுக்கு முன். துளைகளின் விளிம்புகள் தேய்ந்திருந்தன. துளைபோட்ட பிறகும் அவர்கள் அந்தப் பற்களால் மென்று வாழ்ந்திருக்கிறார்கள். ஆய்வாளர்கள் சிக்கிமுக்கிக் கல் முனை வைத்த வில்துளைப்பானைச் செய்து பார்த்தபோது, ஒரு நிமிடத்துக்குள் எனாமலில் அப்படியொரு துளை விழுந்தது. மரப்பு ஊசி இல்லாத காலத்து மனிதர்கள் அதைத் தாங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்பது இன்றும் வியப்பைத் தருகிறது.

கூழ் அறை திறந்ததும் உண்மையான வேலை தொடங்குகிறது. வேருக்குள் போகும் கால்வாய்கள் தலைமுடியளவு ஒடுங்கி, வளைந்து, சில இடங்களில் கிளைபிரிந்தும் போகும். அவற்றுக்குள் நுழைவது ஃபைல் எனப்படும் மெல்லிய முறுக்குக் கம்பி. கைப்பிடியின் நிறம்தான் அதன் அளவு: வெள்ளை என்றால் நுனி 0.15 மி.மீ., மஞ்சள் 0.20, சிவப்பு 0.25, நீலம் 0.30. மருத்துவர் கேட்கக் கேட்க உதவியாளர் எடுத்துக்கொடுப்பதைப் பார்க்கலாம். கம்பி எவ்வளவு ஆழம் போகலாம் என்பதைக் கண்ணால் காண முடியாதல்லவா? அதற்கு ஒரு சிறு மின்கருவி. அதன் ஒரு கொக்கி உதட்டில் தொங்கும், இன்னொரு முனை ஃபைலைப் பிடித்திருக்கும். கம்பி வேர் நுனியை நெருங்க நெருங்க மின்தடை மாறி, 'பீப்' சத்தம் வேகமெடுக்கும். நுனிக்குச் சற்று முன்பே நிறுத்துவதில்தான் கைத்தேர்ச்சி இருக்கிறது. தாண்டிவிட்டால் எலும்பு குத்துப்படும், முன்னதாகவே நின்றுவிட்டால் கிருமி தங்கிவிடும்.

கம்பி தொடாத மூலைகளைச் சுத்தம் செய்வது சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல். இறந்த திசுவைக் கரைத்து, கிருமிகளையும் கொல்கிறது. நாற்காலியில் இருப்பவருக்கு நீச்சல்குள வாசனை அடிப்பது இதனால்தான். உலர்த்திய பிறகு, கால்வாயைக் கட்டாபெர்ச்சா என்ற பொருளால் அடைப்பார்கள். ஊதுபத்திக் குச்சியின் நுனிபோல் கூம்பிய, இளஞ்சிவப்பு நிறத் துண்டுகள். மலாயாக் காடுகளில் வளரும் ஒரு மரத்தின் பாலிலிருந்து வருவது. 1851-ல் இங்கிலாந்தையும் பிரான்சையும் இணைத்த கடலடித் தந்திக் கம்பிக்கு உறையாக இருந்ததும் இதே பொருள். சூட்டில் இளகும், உடலோடு சண்டைபோடாது. அதனால் இன்றும் வேருக்குள் அதற்குத்தான் இடம்.

அதோடு முடிந்தது என்று நினைத்து, பல்லின் மேல் கேப் எனப்படும் உறை போடாமல் விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. சொத்தையிலும் சிகிச்சையிலும் நிறையப் பகுதியை இழந்த கடைவாய்ப்பல், முறுக்கையோ எலும்பையோ கடிக்கும்போது நெடுக்காகப் பிளந்துவிடலாம். பிளவு வேர்வரை போனால் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. அமெரிக்காவில் வேர் சிகிச்சை பெற்ற 14 லட்சத்துக்கும் அதிகமான பற்களை எட்டு ஆண்டுகள் பின்தொடர்ந்து 2004-ல் வெளியான ஓர் ஆய்வில், 97 சதவீதப் பற்கள் வாயிலேயே நிலைத்திருந்தன. பிடுங்க நேர்ந்தவற்றில் 85 சதவீதம் முழு கேப் போடாதவை. கேப்புக்கான செலவைத் தள்ளிப்போட நினைப்பவர்கள் இந்த எண்களை ஒருமுறை யோசித்துப் பார்க்க வேண்டும்.

சிகிச்சை தோற்பதும் உண்டு. மேல்வரிசை முதல் கடைவாய்ப்பல்லில் மூன்று வேர்தான், ஆனால் பெரும்பாலும் நான்கு கால்வாய்கள். நான்காவது மிகச் சிறியது. அது கண்ணுக்குத் தப்பினால் தொற்று திரும்பும். அதனால்தான் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்ரேக்களைக் காட்டச் சொல்லி, எத்தனை கால்வாய்கள் கிடைத்தன, ரப்பர் விரிப்பு போட்டுத்தான் செய்வீர்களா, எந்த வகை கேப், மொத்தச் செலவு எவ்வளவு என்று நோயாளி கேட்க வேண்டும். நல்ல மருத்துவர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பிடுங்குவது மலிவு என்பதும் முதல் நாள் கணக்கு மட்டுமே. ஒரு பல் போன இடத்துக்குப் பக்கத்துப் பல் சாயும், எதிர்வரிசைப் பல் இறங்கும், தாடை எலும்பு அங்கே மெலியும். பிறகு செயற்கைப் பல்லாகப் பிரிட்ஜோ இம்பிளான்ட்டோ வைக்கப்போனால், பல்லைக் காப்பாற்ற ஆகியிருக்கும் செலவைவிடப் பெரும்பாலும் அதிகமாகும். அதேசமயம், வேரே உடைந்த பல்லையும் எலும்புப் பிடிமானம் முழுக்க இழந்து ஆடும் பல்லையும் எடுத்துவிடுவதுதான் சரி.

மேல்பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்ற பயத்தில் சீழ்ப்பல்லோடு காலம் தள்ளும் பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பற்களுக்குப் போவது ஐந்தாம் மூளை நரம்பின் கிளைகள். பார்வைக்கானது இரண்டாம் நரம்பு. இரண்டும் தனித்தனி. மேல்பல்லில் சீழ் பிடித்தால் கண்ணிமை வரை வீங்குவது உண்மைதான். அந்த ஆபத்து பல்லை எடுப்பதால் வருவதில்லை, எடுக்காமல் விடுவதால் வருவது.

தாடைக்கு அடியில் இருபுறமும் கெட்டியாக வீங்கி, வாய் திறக்க முடியாமல், விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானால் அது பல் கிளினிக்கில் முறை வாங்கிக் காத்திருக்கும் விஷயமல்ல. தொற்று கழுத்துக்குப் பரவி மூச்சுப்பாதையை அடைக்கக்கூடும். நேராக மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டை ஆகிய ஊர்களில் அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. அரசு தலைமை மருத்துவமனைகளிலும் பல் பிரிவு உண்டு. குளிர்ந்த தண்ணீர் பட்டு ஒரு பல் முதல்முறையாகக் கூசுகிற வாரத்திலேயே போய்க் காட்டிவிடுங்கள். அப்போது பெரும்பாலும் ஒரே அமர்வில் பல்லை அடைத்து அனுப்பிவிடுவார்கள்.