பணம் பெற இரகசிய எண் வேண்டாம்

கன்னமிட்டுத் திருடும் காலம் போய், கைப்பேசி வழியாகத் திருடும் காலம் வந்துள்ளது. அதன் முறைகளுள் முக்கியமானவை மூன்று.

பி.எம். கிசான் தவணை ரூ. 2,000 பெறுவதற்கென்று வாட்ஸப்பில் போலிச் செயலி அனுப்புவது முதலாவது. அதை நிறுவினால் வங்கியின் ஓ.டி.பி. எண் திருடன் கைக்குச் செல்லக்கூடும். பணம் அனுப்புவதாகக் கூறி யு.பி.ஐ. இரகசிய எண்ணை அழுத்தச் செய்வது இரண்டாவது. கொடுப்பதற்கே அவ்வெண் தேவை, பெறுவதற்கு அன்று. போலீசார் வேடத்தில் வீடியோவில் தோன்றி, 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டுவது மூன்றாவது. அத்தகைய கைது நம் சட்டத்தில் இல்லை.

பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணை அழைத்துத் தெரிவிக்க வேண்டும். திருட்டுப் பணம் விரைவில் கணக்கு விட்டுக் கணக்கு மாறும். அதற்குள் தெரிவித்தால் வங்கி நிறுத்தி வைக்க இயலும். வெட்கி மறைப்பது திருடனுக்கே உதவியாகும். பஞ்சாயத்து உறுப்பினர்கள் இதனைக் கிராம சபையில் எடுத்துரைப்பார்களாக.