இரண்டே குண்டு, ஒரு போர்க்கப்பல்: ஆஸ்கர்ஸ்போர்க் கோட்டையின் கதை

இன்னைக்கு எபிசோடுல ஒரு பேட்டரியைப் பத்திப் பேசப் போறேன். உங்க போன்ல இருக்கிற பேட்டரி இல்லைங்க. ஒரே இலக்கைக் குறிவைத்து, ஒரே அதிகாரியின் கட்டளையில் இயங்கும் பீரங்கிகளின் தொகுப்புக்கும் ராணுவத்தில் பேட்டரி என்றுதான் பெயர். தமிழில் பீரங்கி அணி என்று சொல்லலாம்.

நாம போகப்போற இடம் நார்வே. தலைநகர் ஓஸ்லோவுக்குக் கடல் வழியாகப் போகணும்னா, நிலத்துக்குள்ள நீளமா நுழைஞ்சு போற ஒரு கடல் கால்வாய் வழியாத்தான் போக முடியும். ஓஸ்லோ ஃபியோர்டு என்று பெயர். நகரத்துக்குச் சுமார் 30 கிலோமீட்டர் தெற்கே, துரோபாக் என்ற ஊருக்குப் பக்கத்தில் அது ரொம்பக் குறுகிவிடும். அந்தக் குறுகலில் இருக்கிற தீவுகள் மேலதான் ஆஸ்கர்ஸ்போர்க் கோட்டை நிற்கிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கட்டியது. அன்றைய அரசர் முதலாம் ஆஸ்கரின் பெயரையே வைத்துவிட்டார்கள்.

இடமே ஆயுதம்

இந்தக் கோட்டையைப் புரிஞ்சுக்க, முதல்ல தண்ணிக்கு அடியில பார்க்கணும். தீவுக்கு மேற்கே ஒரு வழி, கிழக்கே ஒரு வழி. 1870களில் மேற்கு வழியில் கடலுக்கு அடியிலேயே கல்லைக் கொட்டி ஒரு சுவர் எழுப்பினார்கள். மேலிருந்து பார்த்தா வெறும் தண்ணிதான் தெரியும். ஆனா பெரிய கப்பல் அந்தப் பக்கம் வந்தா அடி தட்டும். அதனால எல்லாக் கப்பலும் கிழக்கு வழியாத்தான் வந்தாகணும். அதாவது, பீரங்கிகளுக்கு நேர் முன்னாடி.

அங்கே 1893இல் மூன்று பெரிய பீரங்கிகளை நிறுத்தினார்கள். ஜெர்மனியின் குருப் நிறுவனம் செய்தவை. குழாயின் வாய் 28 சென்டிமீட்டர். வீரர்கள் அவற்றுக்கு பைபிள் பெயர்கள் வைத்தார்கள்: மோசே, ஆரோன், யோசுவா. இறக்கும்போது ஒரு பீரங்கி கடலில் விழுந்து, அதைத் தூக்கி எடுத்தார்களாம். பைபிளில் தண்ணீரிலிருந்து எடுக்கப்பட்ட குழந்தைதானே மோசே? அதனால அந்தப் பேரு!

இன்னொரு ஆயுதமும் இருந்தது. பக்கத்துத் தீவின் பாறையைக் குடைந்து, உள்ளே டார்பிடோ தளம் ஒன்றைக் கட்டியிருந்தார்கள். அங்கிருந்து தண்ணீருக்கு அடியிலேயே டார்பிடோவை விட முடியும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஜெர்மானிய உளவுத்துறைக்கே அது இருப்பது தெரியவில்லை.

1940 ஏப்ரல் 9, விடியற்காலை

அப்போது நார்வே நடுநிலை நாடு. அன்று இரவு, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், ஜெர்மன் கப்பல் படை ஒன்று ஃபியோர்டுக்குள் நுழைந்தது. முன்னால் வந்தது 'ப்ளூஷர்'. 200 மீட்டருக்கும் மேல் நீளம். சேவைக்கு வந்து ஓராண்டுகூட ஆகாத புத்தம்புதுக் கப்பல். அதில் ஓஸ்லோவைப் பிடிப்பதற்கான படைவீரர்கள் இருந்தார்கள். விடியறதுக்குள்ள தலைநகரில் இறங்கி, அரசரையும் அரசையும் கையோடு பிடிப்பதுதான் திட்டம்.

கோட்டையில் என்ன நிலைமை? தளபதி கர்னல் பிர்கர் எரிக்சனுக்கு வயது 64, ஓய்வு பெறும் நேரம். பீரங்கிகளுக்கு வயது கிட்டத்தட்ட 47. வீரர்களில் பெரும்பாலோர் சில நாள் முன்னாடிதான் பயிற்சிக்கு வந்த பையன்கள். மூன்று பீரங்கிகளையும் இயக்க ஆள் போதவில்லை. சமையல்காரர்களையும் சேர்த்து இரண்டுக்குத்தான் ஆள் திரட்ட முடிந்தது.

இங்கதான் கணக்கு முக்கியம். திறந்த கடலில் மோதியிருந்தால் ப்ளூஷர்தான் ஜெயித்திருக்கும். அதன் பீரங்கிகள் 30 கிலோமீட்டருக்கு மேல் சுடும், வேகமாகவும் சுடும். ஆஸ்கர்ஸ்போர்க் பீரங்கியில் அடுத்த குண்டைப் போடவே பல நிமிடம் ஆகும், அதுவும் புதுப் பையன்கள் கையில். ஆகவே பீரங்கிக்கு ஒரு வாய்ப்புதான். எரிக்சன் காத்திருந்தார். கப்பல் 2 கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்துக்கு வந்தது. அந்தத் தூரத்தில் பழைய பீரங்கிக்கும் குறி தப்பாது.

வருவது யார் என்றே அவருக்கு உறுதியாகத் தெரியாது. மேலிடத்திலிருந்து தெளிவான உத்தரவும் இல்லை. விதிப்படி முதலில் எச்சரிக்கைக் குண்டு சுட வேண்டும். அப்படிச் செய்தால், உண்மையான குண்டைப் போட நேரமே இருக்காது. நேரடியாகச் சுடச் சொன்னார். தப்பாகப் போனால் ராணுவ நீதிமன்றம்தான் என்பது அவருக்குத் தெரியும்.

மணி 4:21. முதலில் ஆரோன், அடுத்து மோசே. இரண்டு குண்டும் பட்டன. கப்பலில் இருந்த விமான எரிபொருளும் வெடிபொருளும் தீப்பிடித்தன. எதிர்க்கரையில் இருந்த சிறிய பீரங்கிகளும் சேர்ந்து சுட்டன. எரிந்துகொண்டே வந்த கப்பல் டார்பிடோ தளத்துக்கு நேரே வந்தது. சுமார் 40 வருஷப் பழைய டார்பிடோ, வேலை செய்யுமான்னே சந்தேகம். இரண்டு பாய்ந்தன. சுமார் இரண்டு மணி நேரத்தில் ப்ளூஷர் கவிழ்ந்து மூழ்கியது. எண்ணெய் பரவி எரிந்த தண்ணீரில் நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். அவர்களும் பெரும்பாலும் இளைஞர்கள்தான். பின்னால் வந்த கப்பல்கள் திரும்பிவிட்டன.

அப்போ கோட்டை ஜெயிச்சுதா?

இல்லை. அன்று பகல் முழுக்க விமானங்கள் குண்டு போட்டன. மறுநாள் காலை கோட்டை சரணடைந்தது. ஓஸ்லோவோ அதற்கு முன்பே, 9ஆம் தேதியே, வான் வழியாக வந்த படைகளிடம் விழுந்துவிட்டது. நார்வே 1945 மே வரை ஜெர்மன் பிடியில்தான் இருந்தது.

ஆனா நடுவுல கிடைச்ச அந்தச் சில மணி நேரத்தைப் பாருங்க. அன்று காலையே அரசர் ஏழாம் ஹோகோன், அமைச்சர்கள், நாடாளுமன்ற உறுப்பினர்கள் எல்லோரும் சிறப்பு ரயிலில் தப்பினார்கள். மத்திய வங்கியின் சுமார் 50 டன் தங்கம் லாரிகளில் ஏறியது. மறுநாள் அரசர் ஜெர்மனியின் நிபந்தனையை ஏற்க மறுத்தார். பிறகு நார்வே அரசு லண்டனிலிருந்து இயங்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட நார்வே வணிகக் கப்பல்கள் நேச நாடுகளுக்காக ஓடின. அரசர் அன்று காலையே பிடிபட்டிருந்தால், இதெல்லாம் நடந்திருக்குமா?

கடலோரப் பீரங்கி அணியை வெறும் குண்டு எடையாலும் தூரத்தாலும் அளக்க முடியாதுன்னு நான் நினைக்கிறதுக்கு இதுதான் காரணம். எதிரியை அடியோடு அழிப்பது அதன் வேலை இல்லை. உள்ளே இருப்பவர்களுக்கு நேரம் வாங்கித் தருவதுதான் அதன் வேலை. 47 வருஷப் பழைய இரும்பு அதைச் செய்தது என்றால், கடலுக்கு அடியில் சுவர் கட்டியவர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

எரிக்சனுக்குப் பின்னாளில் நார்வேயின் மிக உயர்ந்த போர் விருது கிடைத்தது. ப்ளூஷர் இன்னும் அந்த ஃபியோர்டின் அடியில்தான் கிடக்கிறது. கோட்டை இப்போது அருங்காட்சியகம். துரோபாக்கிலிருந்து படகில் போகலாம். மூன்று பீரங்கிகளும் அங்கேயே நிற்கின்றன. அந்தக் காலையில் சுடாத யோசுவா உட்பட.

உங்க ஊர்ப் பக்கம் கடலோரக் கோட்டை ஏதாவது இருந்தா, அடுத்த தடவை போகும்போது பீரங்கியோட மட்டும் செல்ஃபி எடுக்காதீங்க. அது எந்தப் பக்கம் பார்க்குது, ஏன் அங்க வெச்சாங்கன்னு ஒரு நிமிஷம் யோசிங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்!