ரெண்டு வாரத்து உயிர்!

நெய்வேலி சுரங்கத்தில் முப்பது வருஷம் மண் தோண்டியவன் நான். ('வீட்டுல ஒரு செடிக்குக் குழி தோண்டினதுண்டா?' என்பது என் மனைவியின் நெடுநாள் புகார்!)

1957-ல் நேரு தொடங்கிவைத்த சுரங்கம் இது. 50 மீட்டருக்கும் மேல் மண்ணை வாரினால்தான் பழுப்பு நிலக்கரி கண்ணில் படும். வாரின மண்ணை, வேலை முடிஞ்ச பள்ளத்திலேயே கொட்டி நிரப்புவோம். மேல்மண்ணைத் தனியாக எடுத்துவைத்து மறுபடி பரப்பினால் ஒழிய, அடியில் கிடந்த களியும் மணலும்தான் மேலே இருக்கும். அதில் இலைமக்கு ஏது, மண்புழு ஏது?

ரிடையரானதும், கவிழ்த்த மண்ணில் நாமே நாலு மரம் வளர்த்தால் என்ன என்று தோணிச்சு. கன்று வளர்க்கும் கோஷ்டியோடு சேர்ந்துகொண்டேன். யூகலிப்டஸ் வேகமாக வளரும்தான். எனக்கென்னவோ நம்ம ஊர் வேம்பும் நாவலும் கொன்றையும்தான் வேணும்.

ஆனி மாசம் வேப்பங்கொட்டை பொறுக்கி, டப்பாவில் போட்டு இறுக்கி மூடி, ஐப்பசி மழைக்கு ஊன்றினேன். முன்னூறு விதை. முளைச்சது... கோரைப்புல்!

ஆடு மேய்க்க வந்த ஆயா சிரிச்சிட்டாங்க. "ஏன் தம்பி, டப்பாவுல அடைச்சா அதுக்கு மூச்சு முட்டாதா? பழம் விழுந்த கையோட ஊனணும்!"

விசாரித்தால், அவங்க சொன்னதுதான் சரி. ரெண்டு மூணு வாரத்திலேயே வேப்ப விதையின் முளைப்புத்திறன் குறைய ஆரம்பிச்சிடுமாம். நாவலும் அப்படியே, காய்ந்தால் போச்சு. சரக்கொன்றை நேர் எதிர். வருஷக்கணக்கில் தாங்கும், ஆனால் தோலை உப்புக் காகிதத்தில் தேய்த்து ஊறவைத்தால்தான் தண்ணீர் உள்ளே போகும். பனை இன்னும் அழுத்தக்காரன்! முதலில் பூமிக்குள் இறங்கிவிட்டு, பல மாசம் கழிச்சுத்தான் இலை காட்டும். பொறுமை இல்லாமல் ரெண்டைத் தோண்டிப் பார்த்துக் கெடுத்தேன்.

அடுத்த ஆனியில் பழுத்த பழமாகப் பொறுக்கி, சதையைக் கழுவி, அதே வாரம் பையில் ஊன்றினேன். கிராமத்து வேப்பமரத்தடியிலிருந்து ரெண்டு கூடை மண் கொண்டுவந்து கலந்தேன். வேருக்குத் துணைபோகும் பூஞ்சைகள் அதில்தான் இருக்குமாம். முளைச்சுதே ஸார்! ஐப்பசியில், ஒரு சாண் கன்றுகளை அந்தக் களிமண்ணில் நட்டபோது எனக்குக் கை நடுங்கிச்சு.

பாதியை ஒரே வாரத்தில் ஆடு தின்னுடுச்சு. யார் வீட்டு ஆடு என்கிறீங்க? ஆயாவோடதுதான்!

இப்போ அவங்க ஆட்டை வேறு பக்கம் ஓட்டுறாங்க. மிச்சக் கன்றுகளுக்கு வேலி போட, நான் குழி தோண்டிக்கொண்டிருக்கிறேன். தயவுசெய்து இதை என் மனைவியிடம் சொல்லிவிடாதீர்கள்!