தலைவலியும் அதன் அபாயக் குறிகளும்

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாற்றான் தெரியும் என்பது நம்மவர் பழமொழி. ஆயினும், தனக்கு வந்த தலைவலி எத்தகையது என்பதைப் பலர் அறிந்திலர். சிறு வலிக்கு அஞ்சுவோரும் உளர். பெரு வலியைப் பொறுத்திருந்து உயிரிழப்போரும் உளர். ஆதலின் அதுபற்றிச் சில கூற விழைகின்றோம்.

மூளைக்கு வலியை உணருந் தன்மை இல்லை. அதனைப் போர்த்துள்ள சவ்வுகளும், குருதிக் குழாய்களும், தலை கழுத்துத் தசைகளுமே நோவை உணர்கின்றன. பெரும்பாலான தலைவலிகள் உயிருக்குத் தீங்கு செய்யாதவை. கூடைக் கயிற்றைத் தலையிற் கொளுவிப் பகல் முழுதும் மலைச்சரிவிற் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு மாலையிற் கழுத்தும் தலையும் நோவதில் வியப்பில்லை. பசி, தாகம், உறக்கமின்மை, மனக்கவலை என்பனவும் வலியைத் தூண்டும். ஒற்றைத் தலைவலியோ தெறிக்கும் நோவாய், ஓங்காளத்தோடும் கண்கூச்சத்தோடும் வரும்.

நாமே தேடிக்கொள்ளும் வலிகளும் உள. தலைவலிக்காரர் பரசிற்றமோல் வில்லைகளை மாதத்தில் 15 நாளும் அதற்கு மேலும் தொடர்ந்து விழுங்குவாராயின், அம்மருந்தே வலியை வளர்க்கும். ஹப்புத்தளை, பண்டாரவளை போன்ற குளிர்ந்த இடங்களிற் கதவடைத்த காம்பராவுக்குள் கரிநெருப்பு மூட்டி உறங்குவது மிகக் கொடிது. மணமற்ற காபனோரொட்சைட்டு வாயு முதலில் தலைவலியைத் தந்து, பின் உயிரையே கவரும். ஒரே காம்பராவிற் பலருக்கு ஒருங்கே தலை வலித்தால் உடனே வெளியேறுக.

இரத்த அழுத்தம் உயர்ந்தால் தலை வலிக்கும் என்றெண்ணி, வலியில்லாதோர் அதனை அளந்து பாராதிருக்கின்றனர். அது பெரும்பாலும் எக்குறியும் காட்டாது. வலி இல்லாவிடினும் அளப்பித்தல் வேண்டும்.

இனி, சிறிதும் தாமதிக்கலாகாத குறிகளைக் கூறுவாம். இடி விழுந்தாற்போலத் தோன்றி ஒரு நிமிடத்துள் உச்சமடையும் வலி, மூளையைச் சூழக் குருதி கசிவதன் அடையாளமாகலாம். காய்ச்சலோடு கழுத்து விறைத்தல், அறிவு தடுமாறல், வலிப்பு என்பன மூளைச் சவ்வழற்சியைக் குறிக்கலாம். முகங்கோணல், கைகால் வழங்காமை, நாக்குழறல் என்பன பாரிசவாதத்தின் குறிகள். 5 மாதங் கடந்த கர்ப்பிணிக்கும், பிள்ளை பெற்று 6 கிழமைக்குட்பட்ட தாய்க்கும் கடுந்தலைவலியோடு பார்வை மங்குதல், முகம் வீங்குதல் உண்டாயின் வலிப்பு நேரக்கூடும். தலையில் அடிபட்டபின் வலி பெருகி வாந்தியும் தூக்கமயக்கமும் வருதலும் அபாயமே. 50 வயதின்பின் புதிதாய்த் தோன்றும் வலியையும், நாளுக்குநாள் வளர்ந்து விடியலில் வருத்தும் வலியையும் வைத்தியரிடம் விரைவிற் காட்டுக.

இவற்றை அறிதல் நகரத்தாரினும் தோட்டத்தார்க்கு இன்றியமையாதது. தொலைவிலுள்ள லயத்திலிருந்து பதுளைப் பெரியாஸ்பத்திரியை அடையவே நெடுநேரம் செல்லும். அதன்மேல், ஒருநாட் பேர் போய்விடுமே என்று தாயொருத்தி தைலம் பூசித் துணி கட்டிப் பொறுத்திருப்பாள். புறப்படுவதா, விடியட்டும் என்றிருப்பதா என்னும் தீர்ப்பு வைத்தியர் முன்னன்று, காம்பராவிலேயே செய்யப்படுகின்றது. உயிரும் அங்கேயே நிறுக்கப்படுகின்றது. 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வண்டி இலவசமாக வரும். வண்டி ஏறாத பாதையாயின், நோயாளியைப் பெரும்பாதை வரை சுமந்து கொணர்தல் அயலார் கடன்.

தோட்டப் பாடசாலைகளிலும் காரியாலயங்களிலும் பணிபுரியும் நம் பழைய மாணவர்கள் இக்குறிகளைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொழுந்து மடுவங்களில் ஒட்டுவாராக. இவ்விழா ஆண்டில் நாம் செய்யத்தக்க தொண்டுகளுள் இதுவும் ஒன்றாம்.