உங்களுக்குத் தெரியுமா? சிந்தி மக்களின் திருநாள்கள்

● 1947 பிரிவினையில் சிந்து மாகாணத்தை விட்டு வந்த சிந்தி இந்துக்களில் பலர் சென்னையிலும் குடியேறினார்கள். ஊரை இழந்தாலும் திருநாள்களை அவர்கள் விடவில்லை.

● யுகாதியை ஒட்டி வரும் 'சேட்டி சந்த்' அவர்களின் புத்தாண்டு. நீர்க்கடவுள் ஜூலேலால் அவதரித்த நாளும் அதுவே. மீன்மேல் அமர்ந்த வெண்தாடிப் பெரியவராக அவரை வரைவார்கள்.

● அன்று 'பஹ்ரானா' எடுப்பார்கள். நம் மாவிளக்கைப் போலக் கோதுமை மாவில் விளக்கேற்றி, கற்கண்டு, ஏலக்காய், பழங்களோடு ஊர்வலமாகக் கொண்டுபோய் ஆற்றிலோ கடலிலோ விடுவார்கள்.

● ஆவணி அவிட்டத்தை ஒட்டிய பௌர்ணமிக்குப் பின் ஏழாம் நாள் 'தத்ரி'. அன்று அடுப்பு மூட்டமாட்டார்கள். முந்தைய நாளே சுட்டுவைத்த 'லோலோ' என்ற இனிப்பு ரொட்டிதான் உணவு. அம்மை நோய் அணுகாதிருக்கச் சீதளா தேவியை வேண்டுவார்கள்.

● நாம் போகி கொளுத்தும் அதே பொங்கல் சமயத்தில், சிந்திகள் 'லால் லோயி' என்று தீ மூட்டிக் கொண்டாடுகிறார்கள்.

● சிந்துவிலிருந்து அகதியாக வந்த தாதா ரத்தன்சந்த் மயிலாப்பூரில் நிறுவியது சூஃபிதார் ஆலயம். ரமலான் மாதத்தில் இங்கு சமைக்கும் சைவ உணவை, திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசலில் நோன்பு திறக்க வருவோருக்குத் தொண்டர்களே பரிமாறுகிறார்கள். 40 ஆண்டுகளாகத் தொடரும் இந்தத் தொண்டு, சென்னை பெருமைப்பட வேண்டிய மரபு.