மழைக்கு ஓயும் ஆயுதங்கள்

கர்நாடகத்தின் குடகு மலையில் தென்மேற்குப் பருவமழை இறங்கும் மாதங்கள்தான் நெல் நடவுக்கும் உரியவை. அந்த நாட்களில் துப்பாக்கியையும் ஒடிக்கத்தி என்னும் போர்க்கத்தியையும் பூஜை அறையில் ஒப்படைத்துவிட்டு வயலில் இறங்குவது அங்கு வாழும் கொடவர் சமூகக் குடும்பங்களின் பழைய வழக்கம். நடவு முடிந்ததும், செப்டம்பர் தொடக்கத்தில் கைல்பொழ்து திருநாள் வரும். அன்று ஆயுதங்களை வெளியே எடுத்துத் துடைத்து, பூச்சூட்டி வழிபடுவார்கள். துப்பாக்கிக்குச் சூட்டும் பூ தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள். பயிரைக் காட்டுப்பன்றியிடமிருந்து காக்கவும் வேட்டைக்குச் செல்லவும் ஆண்கள் அன்றிலிருந்து ஆயத்தமாவது அந்தக் காலத்து முறை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும் வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்தன. தேங்காயைக் குறிபார்த்துச் சுடும் போட்டியும் ஆயுத வழிபாடும் இன்றும் தொடர்கின்றன.

மடிகேரியில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டும் நாட்கள் ஏராளம். அப்படிப்பட்ட ஊரில் மாதக்கணக்கில் கை படாமல் கிடக்கும் இரும்பு துருப்பிடிக்காமல் தப்ப வேண்டும் என்றால், அதற்கு நாம் சில காரியங்களைச் செய்தாக வேண்டும். எதை, ஏன் செய்ய வேண்டும் என்று வேதியியல் தெளிவாகச் சொல்கிறது.

துருப்பிடிக்க ஆக்சிஜனும் நீரும் வேண்டும். நீர் என்றால் மழைத்துளி என்று எண்ண வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஈரப்படலமே போதும். 1920களிலும் 30களிலும் இதை ஆராய்ந்த பிரிட்டிஷ் வேதியியலாளர் வெர்னான், ஈரப்பதம் ஏறத்தாழ 60 சதவீதத்தைத் தாண்டும்போது மாசுபட்ட காற்றில் இரும்பு துருப்பிடிக்கும் வேகம் சட்டென்று கூடுவதைக் கண்டார். அவரது சோதனையில் மெல்லிய மஸ்லின் துணிக் கூண்டுக்குள் வைத்த இரும்பு, அதே காற்றில் வெளியே வைத்த இரும்பைவிட மிகக் குறைவாகவே துருப்பிடித்தது. ஈரம் துணியைக் கடந்து உள்ளே சென்றது. தூசிதான் வெளியே தங்கிவிட்டது. இரும்பின்மேல் படியும் தூசியும் உப்பும் ஈரத்தை இழுத்துப் பிடித்துத் துருவுக்கு வழி திறக்கின்றன. வியர்த்த கையால் தொட்ட துப்பாக்கிக் குழலில் சில நாட்களில் விரல்ரேகை வடிவிலேயே துரு தோன்றுவதும் இதனால்தான்: வியர்வையின் உப்பு அங்கே தங்கியிருக்கிறது.

கரிமருந்து அடைத்துச் சுடும் பழைய துப்பாக்கிகளில் ஆபத்து இன்னும் அதிகம். கரிமருந்தின் பெரும்பகுதி பொட்டாசியம் நைட்ரேட். அது எரிந்தபின் பொட்டாசியம் கார்பனேட் முதலான உப்புகள் குழலுக்குள் படிகின்றன. இவை காற்றின் ஈரத்தை உறிஞ்சக்கூடியவை. அந்தக் கசடின்மேல் எண்ணெய் பூசினால் பயனில்லை. உப்பு எண்ணெயில் கரையாது. உப்பும் ஈரமும் எண்ணெய்ப் படலத்துக்கு அடியில் இருந்துகொண்டு குழலை அரிக்கும். கொதிக்கும் நீரும் சோப்பும் ஊற்றிக் கழுவுவதே முறை. நீர் உப்பைக் கரைத்துக்கொண்டு போகும். சூடேறிய குழல் விரைவில் உலர்ந்துவிடும். எண்ணெய் பூசுவது அதற்குப் பிறகு, அதுவும் மெல்லிய பூச்சாக. அளவு மீறினால் எண்ணெய் வழிந்து மரக்கட்டைக்குள் ஊறி மரத்தை மென்மையாக்கிவிடும். இதைத் தவிர்க்கவே, குழலின் வாய் கீழே இருக்கும்படி சாய்த்து வைப்பார்கள்.

தோட்டாக்களின் கதை தனி. பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் படை நடவடிக்கைகள் ஓய்ந்திருக்கும்போது தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்தார்கள். மழை விட்டபின் எடுத்துப் பார்த்தால் பித்தளைக் கூடுகள் தாமாகவே விரிசல் விட்டிருந்தன. காரணம் நெடுங்காலம் பிடிபடவில்லை. 1921இல்தான் மூர், பெக்கின்சேல், மல்லின்சன் ஆகிய மூவர் அதை விளக்கினார்கள். பித்தளைத் தகட்டைச் சூடாக்காமல் இழுத்துக் கூடாக்கும்போது உலோகத்துக்குள் ஓர் இறுக்கம் தங்கிவிடுகிறது. குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா, ஈரக்காற்றோடு சேர்ந்து பித்தளையின் படிக எல்லைகளைத் தாக்குகிறது. உள்ளே இறுக்கம், வெளியே அம்மோனியா. இரண்டும் சேர்ந்தால் விரிசல். கூட்டை மிதமாகச் சூடாக்கி அந்த இறுக்கத்தைத் தளர்த்துவதும் லாயத்திலிருந்து தோட்டாக்களை அப்புறப்படுத்துவதும் தீர்வாயின. யாரும் சுடாமலே, சும்மா இருந்த இடத்திலேயே உடைந்த இந்தக் கூடுகள்தாம் உலோகவியல் மாணவர்கள் இன்றும் படிக்கும் பாடம்.

தோல் உறைக்குள் வைத்தால் பத்திரம் என்று நினைப்பதும் தவறு. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பதனிடும்போது சேர்ந்த அமிலங்களும் உப்புகளும் அதில் மிஞ்சியிருக்கும். தோல் வாரில் பல மாதம் செருகிக் கிடக்கும் பித்தளைத் தோட்டாவில் பச்சைக் களிம்பு ஏறுவது இப்படித்தான். உறை எடுத்துச் செல்வதற்கு மட்டுமே. நெடுநாள் வைத்திருக்க உலர்ந்த அலமாரியே ஏற்றது.

அந்த அலமாரியை உலர்வாக வைக்கும் வழி எளியது. 20 டிகிரி வெப்பத்தில் ஒரு கனமீட்டர் காற்று அதிகபட்சம் 17 கிராம் நீராவியைத் தாங்கும். 25 டிகிரியில் அது 23 கிராம் ஆகிறது. அதாவது 80 சதவீத ஈரப்பதமுள்ள காற்றை 5 டிகிரி சூடாக்கினாலே ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு இறங்கிவிடும். ஒரு துளி நீரைக்கூட வெளியேற்றத் தேவையில்லை. வேட்டைப் பருவம் முடிந்ததும் துப்பாக்கிகளைப் பூட்டி வைக்கும் அமெரிக்க, ஐரோப்பிய வேட்டைக்காரர்கள் அலமாரியின் அடியில் சிறு சூட்டுக்கம்பி பொருத்துவது இந்தக் கணக்கை நம்பித்தான். நம் வீடுகளில் விதைகளை அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டதற்கும் இதே இயற்பியல் பொருந்தும்.

இந்தப் பாடங்கள் துப்பாக்கி இல்லாத வீட்டுக்கும் வேண்டியவை. ஈரமான தோல் பெட்டியில் கிடக்கும் கேமரா லென்ஸிலும் பைனாகுலரிலும் பூஞ்சை படர்ந்து, அது சுரக்கும் அமிலம் கண்ணாடிப் பூச்சை அரிக்கிறது. டார்ச்சுக்குள் மறந்துவிட்ட அல்கலைன் பேட்டரி ஒழுகினால் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு தகடுகளைத் தின்கிறது. ஆண்டுக்கணக்கில் போடாமல் வைத்த மலையேற்றக் காலணியின் பாலியூரித்தேன் அடிப்பாகம், காற்றின் ஈரத்தால் மூலக்கூறுகள் அறுந்து, எடுத்துப் போட்ட அன்றே நொறுங்கலாம்.

பொருள் ஓய்வில் கெடுவதற்குக் காரணம், அதை ஓய்வுக்கு அனுப்பும்போது நாம் அதனோடு விட்டுவைத்த உப்பும் ஈரமும் இறுக்கமும்தான். மறுபடி எடுக்கும் நாளில் எவ்வளவு தேய்த்தாலும் அரித்த இரும்பு திரும்பி வராது. ஆகவே எடுக்கும் நாளில் செய்யும் சுத்தத்தை உள்ளே வைக்கும் நாளிலேயே செய்துவிடுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் அரிவாளையும் கருவிப் பெட்டியையும் கேமராவையும் வெளியே எடுங்கள். துடைத்து, நன்கு உலர்த்தி, இரும்புக்கு மெல்லிய எண்ணெய் பூசி, பேட்டரியைக் கழற்றி, காற்றோட்டமுள்ள உலர்ந்த இடத்தில் வையுங்கள். அரை நாள் வேலை. பொருளின் ஆயுள் பல ஆண்டுகள் நீளும்.